குன்னூரின் ரூம் டெம்பரேச்சர்

3டி பிரிண்டரின் ஆரஞ்சு மூடியைத் தூக்கிய லோயிஸ், தட்டில் ஒன்றுமே இல்லாததைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். காலையில் ஓடவிட்ட மிஷின். மதியம் வரை ஒரே தாளத்தில் உர்ரென்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது; ஏதோ பெரிய வேலை பார்ப்பது போலத்தான் தெரிந்தது. கீழ்த்தாடைப் பற்கள் வரிசையாகத் தலைகீழாகத் தொங்க வேண்டிய இடத்தில் வெறும் அலுமினியத் தட்டு பளபளத்தது. தொட்டிக்குள் பிளாஸ்டிக் கரண்டியை விட்டுத் துழாவினாள். ஒளி பட்டால் இறுகும் சாம்பல் நிற ரெசினுக்கு அடியில், அடிப்பிடித்த கூழ் மாதிரி ஒரு படலம் ஒட்டிக் கிடந்தது. இப்படி ஆவது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவள் விட்டுவிட்டிருந்தாள்.

குன்னூர் பெட்போர்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது லோயிஸின் பல் லேப். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, வாய்க்குள் இருப்பதை அப்படியே மேசைமேல் கொண்டுவந்து வைப்பாள். அதுதான் மாடல். அந்த மாடலின் மேல்தான் பல் செய்வாள். மாடல் துளி தப்பினால் பல் உட்காராது. பல ஆண்டுகளாக இதில் அவளுக்குப் பெரிய குழப்பம் எதுவும் வந்ததில்லை.

குழப்பம் டாக்டர் கமலேஷின் உருவத்தில் வந்தது. அப்பர் குன்னூரில் கிளினிக் வைத்திருந்தவன், அச்சு எடுப்பதை நிறுத்திவிட்டு ஸ்கேனர் வாங்கினான். பேனா மாதிரி ஒன்றை வாய்க்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றினால் பல் வரிசை முழுக்கக் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். நோயாளிகளுக்கு அது பிடித்திருந்தது, குமட்டல் இல்லை. ஆனால் லோயிஸுக்கு இனி அச்சு வராது, வாட்ஸ்அப்பில் ஃபைல்தான் வரும். ஃபைலின் மேல் பல் செய்ய முடியுமா? அதைக் கோயமுத்தூருக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்து வரவழைத்தார்கள். மலைப்பாதையில் மண் சரிந்தால் மாடல் மேட்டுப்பாளையத்திலேயே படுத்துக்கொள்ளும்.

"நாமளே பிரிண்டர் வாங்கிரலாங்க்கா," என்றான் கமலேஷ் ஒருநாள். "டென்டல் மிஷின் வேண்டாம், அது யானை விலை. பொம்மை செய்யறவங்க வாங்குற சின்ன மிஷின் இருக்குது. ஒருத்தர் வீடியோ போட்டுருக்கார், இதுலயே பக்காவா மாடல் எடுக்கறார்."

"அவரு எந்த ஊருங்க?"

"ஊரு எதுக்குங்க்கா?"

அந்தக் கேள்வியைத் தான் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்று லோயிஸ் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

மூன்று கம்பெனிகளின் மிஷின்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது, பிடிக்காததைத் திருப்பி அனுப்புவது என்று ஏற்பாடு. சோதனைக்கு லோயிஸின் பற்களையே எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய வாயைக் கமலேஷ் ஸ்கேன் செய்தான். பழைய முறையில் அச்சும் எடுத்துப் பிளாஸ்டர் மாடல் ஒன்றை அவளே செய்து வைத்துக்கொண்டாள். பிரிண்டில் வருவதையும் பிளாஸ்டரையும் காலிப்பரில் அளந்து பார்த்தால் மிஷினின் யோக்கியதை தெரிந்துவிடும். திட்டம் தெளிவாகத்தான் இருந்தது. அதைச் செய்வது யார் என்பதும் தெளிவாகத்தான் இருந்தது. கமலேஷ் கிளினிக்கிலிருந்து மெசேஜ் போடுவான்: 'என்னாச்சுங்க்கா?' பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

தட்டு காலியாக வந்த அன்று, முதல் மிஷினின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள். சென்னையிலிருந்து ஒரு பையன் பேசினான்.

"மேடம், ரெசின் பாட்டிலை நல்லா குலுக்கினீங்களா?"

"குலுக்கினேன். கை வலிக்குது."

"தட்டை லெவல் பண்ணீங்களா?"

"ரெண்டு தடவை பண்ணியாச்சு."

"அப்ப பிரச்சினை வராதே மேடம். மிஷின் ரூம் டெம்பரேச்சர்லதானே இருக்கு?"

லோயிஸ் சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தாள். "பதினாலு டிகிரி."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏசியை ஆஃப் பண்ணிருங்க மேடம்," என்றான்.

"ஏசி இல்லைப்பா. இது குன்னூர். இதுதான் எங்க ரூம் டெம்பரேச்சர்."

"இருபத்தஞ்சுக்குக் கீழ போகக்கூடாது மேடம். ரெசின் தேன் மாதிரி கெட்டியாயிரும். தட்டுல பிடிக்காது."

இதை டப்பாவின் மேல் எழுதியிருக்கலாமே என்று அவள் கேட்டதற்கு, எழுதியிருக்கிறது மேடம் என்றான். பார்த்தாள். எழுதித்தான் இருந்தது, சீன மொழிக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில்.

காரணம் தெரிந்த பிறகும் கமலேஷ் அந்த மிஷினுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததை இறக்கினான். லோயிஸ் இந்த முறை முன்னெச்சரிக்கையாக வீட்டிலிருந்த ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லேப்பில் மேசைக்கு வலப்பக்கச் சுவரில்தான் ஹீட்டரைத் தாங்கும் பிளக் இருந்தது. ஹீட்டரை அங்கே ஸ்டூல்மேல் வைத்து, மிஷினைப் பார்த்துத் திருப்பிவிட்டாள். அன்று சாயங்காலம் அவள் கணவன் ஆண்ட்ரூ போன் செய்து, "ஹீட்டர் எங்க போச்சு? நான் கம்பளியைச் சுத்திக்கிட்டு உக்காந்துருக்கறேன்," என்றான்.

"மிஷினுக்குக் குளிருதாம்."

"எனக்கு?"

"உனக்கு ஸ்வெட்டர் இருக்குதல்ல?"

இரண்டாவது மிஷின் ஒரே முயற்சியில் மாடலைக் கொடுத்தது. ஸ்பிரிட்டில் கழுவி, ஊதா விளக்கடியில் காயவைத்து எடுத்தபோது லோயிஸுக்கே ஆச்சரியம். அவளுடைய கடைவாய்ப் பல்லில் இருந்த மெல்லிய கீறல்கூடத் தெரிந்தது. கமலேஷ் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சூப்பருங்க்கா! வெண்ணெய்ல செஞ்ச மாதிரி இருக்குது."

"அழகு இருக்கட்டுங்க. அளவு பாக்கறேன்."

இடப்பக்கம் பிளாஸ்டருக்கும் பிரிண்டுக்கும் அச்சு அசலாகப் பொருந்தியது. வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் மட்டும் வீங்கியிருந்தன. அவள் மறுபடி அளந்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை அளந்தாள்.

"வலப்பக்கம் ஒண்ணரைப் பாயிண்ட் கூட நிக்குதுங்க, டாக்டர்."

"ஒண்ணரைப் பாயிண்ட்டுன்னா?"

"ரெண்டு முடி கனம்."

"அட, ரெண்டு முடிதானுங்க்கா! அந்த இடைவெளியை சிமெண்ட் நிரப்பிரும்."

"இடைவெளி விழுந்தா சிமெண்ட் நிரப்பும். பல்லுக்குப் பல்லு தூரம் மாறி இடிச்சுக்கிட்டு நின்னா என்னத்தை நிரப்பும்?"

கமலேஷ் தலையைச் சொறிந்தான். அவனுக்கு அவசரம் இருந்தது. இத்தலாரிலிருந்து மருதாம்பாள் என்ற அம்மா வந்துகொண்டிருந்தார். சொந்தமாகக் கொஞ்சம் கேரட் போட்டு, அதைக் கழுவி மூட்டை கட்டி மண்டிக்கு அனுப்புகிறவர். கீழ்த்தாடையில் வலப்பக்கம் ஒரு கடைவாய்ப் பல் போய்விட்டது. இரண்டு பக்கப் பற்களையும் செதுக்கி, மேலே மூன்று பல்லும் சேர்ந்த ஒரு பிரிட்ஜ் மாட்ட வேண்டும். செதுக்கியாயிற்று, ஸ்கேனும் ஆயிற்று. அதுவரைக்கும் மாட்டியிருந்த தற்காலிகத் தொப்பி இரண்டு முறை கழன்று விழுந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஊட்டிக்கு ஒரு பஸ், ஊட்டியிலிருந்து குன்னூருக்கு ஒரு பஸ்.

"அந்த அம்மா திட்டுறாங்க்கா. கோயமுத்தூர்ல கேட்டா அடுத்த வாரம்ங்கறான். அவங்க ஃபைலை இதுலயே எடுத்து, செஞ்சு குடுத்துருங்க. பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்ற சொல்லைக் கேட்டாலே லோயிஸுக்கு ஆகாது. பார்ப்பது யார்? ஆனாலும் செய்தாள். வேண்டாமென்று மூன்றாவது முறை சொல்லச் சலித்துப்போய்ச் செய்தாள். பிரிட்ஜ் அந்த மாடலின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது; அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம்தான் வந்தது.

மாட்டும் அன்றைக்கு அவளும் கிளினிக்குக்குப் போனாள். மருதாம்பாள் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தார். கமலேஷ் பிரிட்ஜை வைத்து அழுத்தினான். இறங்கவில்லை. எடுத்து உள்பக்கம் கொஞ்சம் தேய்த்துவிட்டு மறுபடி அழுத்தினான். ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் தூக்கிக்கொண்டது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னான். அவர் கடித்தார். பிரிட்ஜ் ஆட்டுக்கல் குழவி மாதிரி ஆடியது.

மருதாம்பாள் அதை வாயிலிருந்து தானே பிடுங்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரு, இது யாரு பல்லுங்க?"

"உங்க பல்லுதாங்கம்மா."

"எம்பல்லா? எம்பல்லுன்னா என் வாயிக்குள்ள போகோணுமல்லங்க?"

கமலேஷ் தொண்டையைச் செருமினான். "உங்க ஈறு கொஞ்சம் வீங்கியிருக்குதுங்கம்மா. அதனாலதான் உக்கார மாட்டேங்குது. உப்புத் தண்ணியில கொப்பளிங்க, அடுத்த வாரம் பாக்கலாம்."

"போன வாட்டி வந்தப்ப ஈறு நல்லாருக்குதுன்னீங்க."

"இப்ப வீங்கிருச்சுங்க."

அவர் கமலேஷைப் பார்த்தார். பிறகு, சுவரோரம் நின்றிருந்த லோயிஸைப் பார்த்தார். லோயிஸ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். மருதாம்பாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார். "கேரட்டு மூட்டைக்கு ஆளு நிறுத்திட்டு வந்தனுங்க. இனி நான் வாரதா இல்லையான்னு யோசிச்சுச் சொல்றனுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படிக்கட்டில் லோயிஸ் அடக்கிக்கொண்டு வந்த கோபம் லேப்புக்குள் நுழைந்ததும் வெடித்தது. இரண்டாவது மிஷினை அன்றே பெட்டியில் அடைத்து, டேப்பைப் பற்களால் கடித்து ஒட்டி, கூரியர்காரனிடம் தள்ளிவிட்டாள்.

மூன்றாவது மிஷின் வந்தது. அதே மேசை. ஹீட்டரும் அதே இடத்தில். பிரிண்ட் எடுத்தாள், கழுவினாள், காயவைத்தாள், அளந்தாள். இடப்பக்கம் சுத்தம். வலப்பக்கம் அதே ஒன்றரைப் பாயிண்ட். எத்தனை முறை எடுத்தாலும் அப்படியே.

மேசை முழுக்கச் சாம்பல் நிறத்தில் அவளுடைய தாடைகள். ஜன்னல் விளிம்பில் நாலு, அலமாரியில் ஆறு, எல்லாம் அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் வலப்பக்கம் வீக்கம். மலிவு மிஷின் எல்லாமே ஒரே குட்டையில் ஊறியவைதான், இந்த விளையாட்டே வேண்டாம் என்று கமலேஷுக்கு ஒரு நீண்ட ஆடியோ அனுப்பினாள். சிரிப்புப் பொம்மை வரவில்லை. ஆளே வந்துவிட்டான், கையில் ஒரு யூபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு.

"மழைக்கு வோல்டேஜ் ஏறி இறங்குதுங்க்கா. அதனாலதான் அளவு மாறுது. இதை மாட்டிப் பாப்போம்."

"வோல்டேஜுக்கு வலது, இடது தெரியுமாங்க?"

"ஒரே ஒரு தடவைங்க்கா."

யூபிஎஸ்ஸை வைக்க மேசையின் மூலையில்தான் இடம் இருந்தது. அதன் ஒயர் மிஷினின் பின்புறம் வரை எட்டவில்லை. கமலேஷ் யோசிக்காமல் மிஷினையே முழுக்கத் திருப்பி வைத்துவிட்டான். இப்போது திரை சுவரைப் பார்த்தது. பட்டனை அழுத்த வேண்டுமென்றால் மேசைமேல் குப்புறச் சாய்ந்து, கையை அந்தப் பக்கமாக வளைக்க வேண்டும். லோயிஸ் அதையும் செய்தாள்.

மிஷின் ஓடிய நேரம் முழுக்க இருவரும் சண்டை போட்டார்கள்.

"அந்த அம்மாகிட்ட ஈறு வீங்கிருக்குதுன்னு ஏங்க சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றதுங்க்கா? மிஷின் சரியில்லைன்னா, அப்புறம் எதுக்குடா உங்கிட்ட வந்தேன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும். கேட்டா பதில் சொல்லுங்க. வாய்க்குள்ள தப்பே இல்லாதவங்ககிட்ட உங்க வாயிலதான் தப்புன்னா, அவங்க ஊருக்குப் போயி மூணு வேளையும் உப்புத் தண்ணி கொப்பளிச்சுக்கிட்டு உக்காந்துருப்பாங்க. நானும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன் பாருங்க, என்னைச் சொல்லோணும்."

கமலேஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி அப்பியிருந்தது. கீழே பஸ் ஹாரன் கேட்டது, பஸ் தெரியவில்லை.

பிரிண்ட் முடிந்தது. லோயிஸ் கழுவினாள், காயவைத்தாள், காலிப்பரை எடுத்தாள். எப்போதும் போல வலப்பக்கத்தில் ஆரம்பித்தாள்.

சரியாக இருந்தது.

"பாத்தீங்களா, நான் சொல்லலை? வோல்டேஜ்!" என்று கமலேஷ் துள்ளினான்.

அவள் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு இடப்பக்கத்தை அளந்தாள். வீக்கம். ஒன்றரைப் பாயிண்ட், ஒரு முடிகூடக் குறையாமல், இடப்பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது.

லோயிஸ் காலிப்பரைக் கீழே வைத்தாள். மிஷினில் கோளாறு என்றால் மிஷினைத் திருப்பினாலும் அதே பற்களில்தானே வர வேண்டும்? திருப்பியதும் பற்கள்தான் மாறின. வீக்கம் வந்த இடம் மாறவில்லை. அது மேசையின் வலப்பக்கத்திலேயே நின்றது. அவள் மெல்ல வலப்பக்கம் திரும்பினாள். ஸ்டூல்மேல் அவள் வீட்டு ஹீட்டர், ஆண்ட்ரூவைக் குளிரில் விட்டுவிட்டு வந்த ஹீட்டர், இரண்டு கம்பிகளும் சிவக்க மிஷினின் ஒரு கன்னத்தை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு இல்லை. அந்த ஸ்டூலை ஜன்னல் வழியாக வீச வேண்டும் போலிருந்தது. அதற்கடுத்து, சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் ஒரு நொடி தோன்றியது. இப்போதுதான் ஈறைப் பற்றி இவ்வளவு பேசியிருந்தாள்.

"ஹீட்டருங்க, டாக்டர்."

"என்னங்க்கா?"

"ஹீட்டர்தான். அந்தப் பக்கம் ரெசின் சூடாகுது, இந்தப் பக்கம் குளுந்து கிடக்குது. சூடான பக்கம் கூடுதலா இறுகி வீங்குது. நான்தான் வெச்சேன். மிஷின் மேல தப்பில்லை."

கமலேஷ் ஹீட்டரைப் பார்த்தான், மாடலைப் பார்த்தான். "அப்ப, திருப்பி அனுப்புன ரெண்டாவது மிஷின்?"

"அதுவும் நல்ல மிஷினா இருந்துருக்கலாம். எனக்குத் தெரியாது. அதை நினைச்சாத்தான் ஆத்திரம் ஆத்திரமா வருது."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். அவள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான். "எம் மேலயும் தப்பு இருக்குதுங்க்கா. நீங்க அளவு தப்புன்னு சொன்னீங்க. நான்தான் கேக்கலை."

"அதை நான் இல்லைன்னு சொல்லலையே."

லேப்புக்குப் பின்னால் பிளாஸ்டர் மூட்டைகள் போட்டுவைக்கும் சின்ன அறை இருந்தது. லோயிஸ் அதைக் காலிசெய்யச் சொன்னாள். யாரை என்று கமலேஷ் கேட்கவில்லை; சட்டைக் கையை மடித்துக்கொண்டு மூட்டைகளைத் தூக்கினான். மூன்றாவது மூட்டையில் தும்மல் ஆரம்பித்து, கடைசி மூட்டைக்குள் தலையெல்லாம் நரைத்துப்போனான். மிஷினை உள்ளே ஒரு மூலையில் வைத்து, ஹீட்டரை எதிர் மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். கதவைச் சாத்தி, அறை முழுக்க ஒரே சூடாகும் வரை காத்திருந்தார்கள். ரெசின் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்கவைத்தாள். அடுத்த நாள் ஒரு பிரிண்ட், மிஷினைத் திருப்பி வைத்து இன்னொரு பிரிண்ட். இரண்டிலும் இரண்டு பக்கமும் பிளாஸ்டரோடு ஒத்துப்போயின. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றும் எடுத்துப் பார்த்தாள். அதுவும் சரி.

மருதாம்பாளின் ஃபைலைப் பிரிண்ட் எடுத்து, புது பிரிட்ஜ் செய்தாயிற்று. ஆனால் அவர் கமலேஷின் போனை எடுக்கவில்லை. லோயிஸ் தன் போனில் அடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங்கம்மா, பல் லேப்புல இருந்து லோயிஸ் பேசறனுங்க. டாக்டரும் பக்கத்துல இருக்கறாருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்." போனை அவன் பக்கம் நகர்த்தினாள்.

கமலேஷ் அவளைக் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தான். அவள் அசையவில்லை.

"அம்மா, கமலேஷ் பேசறனுங்க. உங்க ஈறு நல்லாத்தான் இருந்துச்சுங்க. நாங்க எடுத்த மாடல்தான் தப்பு. சரியில்லைன்னு தெரிஞ்சும் அதுலயே செஞ்சு குடுத்தேன். மன்னிச்சுக்குங்க."

போனில் காற்று இரைந்தது. தோட்டத்தில் நிற்கிறார் போலிருக்கிறது.

"நானு உப்புத் தண்ணியக் கொப்பளிச்சுக் கொப்பளிச்சு நாக்கே மரத்துப்போச்சு, கண்ணு," என்றார் மருதாம்பாள். "தப்பாப் போச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, பரவாயில்லைன்னு போயிருப்பன்ல? சரி, அந்த அம்மிணி அளந்து பாத்துச்சா?"

"பாத்தேனுங்க," என்றாள் லோயிஸ். "ரெண்டு பக்கமும்."

"அப்பச் சரி. வெசாலக்கிழமை வாரேன்."

வியாழக்கிழமை மழை. மருதாம்பாள் சால்வை ஈரத்தோடு வந்து நாற்காலியில் ஏறினார். கமலேஷ் பிரிட்ஜை வைத்தான். அழுத்த வேண்டியே இருக்கவில்லை. மெல்லிய ஒரு டிக் சத்தத்தோடு இறங்கி உட்கார்ந்துகொண்டது. அவன் ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. சுவரோரம் நின்ற லோயிஸ் மூச்சை விட்டாள்.

"கடிங்கம்மா. எப்படி இருக்குதுங்க?"

மருதாம்பாள் கடித்தார். வாயை இடமும் வலமும் அசைத்தார். நாக்கால் துழாவிப் பார்த்தார். அவர் முகத்தையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் ஒசரமா இருக்குதுங்க."

கமலேஷ் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, உயரம் தட்டிய இடத்தைத் தேய்த்தான். இன்னும் கொஞ்சம் என்றார். தேய்த்தான். மறுபடி கடித்தார்.

"இப்பத்தான் இது எம்பல்லு," என்றார்.

அவர் போன பிறகு கமலேஷ் நாற்காலியில் தானே சரிந்து உட்கார்ந்தான். "அக்கா, நாளையில இருந்து எல்லா ஃபைலும் உங்களுக்கே அனுப்பிரட்டுமா?"

"அனுப்புங்க. ஆனா நான் அளந்து முடிச்சு நல்லாருக்குதுன்னு சொல்ற வரைக்கும், பேஷன்ட்டுக்குத் தேதி குடுக்கக்கூடாது."

"குடுக்க மாட்டேங்க்கா."

"பாத்துக்கலாம்னும் சொல்லக்கூடாது."

"பாத்து..." என்று ஆரம்பித்தவன், "சரிங்க்கா" என்று முடித்தான். லோயிஸ் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். லேப்பில் அறை சூடாகியிருக்கும். இன்னொருவரின் மேல்தாடை காத்திருந்தது. போகிற வழியில் எலெக்ட்ரிக் கடைக்குள் நுழைந்து, ஆண்ட்ரூவுக்கென்று ஒரு ஹீட்டர் கேட்டாள்.